என் இரத்தம் அளவுகோலாக இருந்த நாற்பது நாட்கள்

போன மாதம் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் லேப் டெக்னீஷியன் படிப்பை முடிக்கப் போகிற பிள்ளைகளிடம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அரசு மருத்துவமனை ஆய்வகங்களில் முப்பத்திரண்டு வருடம் இரத்தம் எடுத்து ஓய்வு பெற்றவன் என்பது மட்டும்தான் என் தகுதி. பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

"சாரே, உங்க சர்வீஸ்ல நீங்க செஞ்ச பெரிய தப்பு எது?"

நான் சிரித்தேன். ஒருநாள் இரண்டு பேருடைய குழாய்களில் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டியதையும், அரை மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டதையும் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். பாறசாலைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் பெண் மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் படித்த காலத்தில் சர்க்கரை பார்ப்பது என்றால் நீல மருந்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் கொதிக்க வைப்பது. நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம் என்று ஏறிக்கொண்டே போகும். வேலைக்கு வந்த பிறகு இரத்தத்தில் பார்க்கும் முறை கைப்பழக்கமானது. சில வருடங்களில் எண்ணைக் காட்டும் மெஷினும் வந்தது. நான் வேலை கற்றுக்கொண்டதோ அந்த மெஷின்களிடம் அல்ல, வத்சலா டாக்டரிடம்.

கேரள எல்லையோரத்தில் இருந்த அந்த மருத்துவமனையில் அவர் பொது மருத்துவர். சொந்த ஊர் நெய்யாற்றின்கரை. மலையாளமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. லேப் சீட்டு கைக்கு வந்தால் எண்ணை முதலில் பார்க்கமாட்டார். இரத்தம் எடுத்த நேரத்தைப் பார்ப்பார், நோயாளி கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தைப் பார்ப்பார். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சீட்டை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார். நாம் போய் நின்று, நேரத்தைச் சொல்லி, அதைத் திரும்ப வாங்கவேண்டும். "நேரமில்லாத்த எண்ணு எனக்கு எதுக்கு, தாஸே?" என்று மட்டும் கேட்பார். என் முழுப்பெயர் ஞானதாஸ்.

சர்க்கரைக்கு எடுத்த இரத்தத்தைச் சாம்பல் நிற மூடிக் குழாயில்தான் விடவேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். அந்தக் குழாயில் ஒரு மருந்துப் பொடி இருக்கும். சாதாரணக் குழாயில் விட்டு வைத்தால் இரத்தத்தில் உள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு மணி எண் இறங்கும். "ரத்தம் வெளியே வந்தாலும் அதுக்க பசி போகாது" என்பார். நான் அதையெல்லாம் பிசகாமல் செய்தேன். என்னைப் பற்றி அவருக்கு நல்ல மதிப்பு இருந்தது. எனக்கும் என்னைப் பற்றி இருந்தது.

நடந்ததைச் சொல்ல மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சர்க்கரையை அளக்கும் மருந்துப் பெட்டி ஒவ்வொன்றோடும் ஒரு சின்னக் குப்பி வரும். அதில் இருக்கும் திரவத்தில் சர்க்கரை சரியாக நூறு. அதை ஸ்டாண்டர்டு என்போம். முதலில் அதை மெஷினுக்குக் காட்டினால், மெஷின் ஒரு பெருக்கல் எண்ணைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். பிறகு வருகிற ஒவ்வொருவருடைய இரத்தமும் அந்த எண்ணால்தான் அளக்கப்படும். மெஷின் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, சர்க்கரை அளவு முன்பே தெரிந்த சீரம், அதாவது இரத்தத்தின் தெளிந்த நீர், தனியாகத் தருவார்கள். எங்களுக்கு அது மாதக்கணக்கில் வராமல் இருக்கும். அப்போது நான் ஒரு வழி வைத்திருந்தேன். காலையில் வெறும் வயிற்றில் என் இரத்தத்தையே எடுத்துப் பார்ப்பேன். எண்பத்து மூன்று, எண்பத்தைந்து, எண்பத்து நாலு. பத்து வருடமாக இப்படித்தான். ஒரு நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். மெஷின் மாறலாம், மருந்து மாறலாம், நான் மாறமாட்டேன் என்று நம்பினேன்.

எனக்கு நாற்பத்து நாலு வயதானபோது அந்த எண் ஏறியது. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று எட்டு. ஒரு திங்கட்கிழமை நூற்றாறு. என் இரத்தத்திலிருந்து பிரித்த சீரமும் முன்போலத் தெளிவாக இல்லை. கஞ்சித்தண்ணி கலந்ததுபோல இருந்தது. முந்தின நாள் தின்ற மாட்டிறைச்சிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். கையும் காலும் எனக்குக் குச்சிபோல. வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. ஸ்கூட்டரில் வருவேன், ஸ்டூலில் உட்காருவேன், சீனி போட்ட சாயா நாளைக்கு ஆறு குடிப்பேன். வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்ற பிறகு அதன்மேல் சோறும் உண்டு. எனக்குச் சர்க்கரை வரலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

ஸ்டாண்டர்டு கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். கரண்டு அடிக்கடி போய் ஃப்ரிட்ஜ் நின்ற சமயம் அது. குப்பிக்குள் கிருமி ஏறி சர்க்கரையைத் தின்றிருந்தால், குறைந்துபோனதை நூறு என்று எடுத்துக்கொண்டு மெஷின் எல்லாருடைய எண்ணையும் கூடுதலாகத்தான் காட்டும். அந்தக் கணக்கு சரி. புதுக் குப்பி கேட்டு எழுதிப் போட்டேன். அது வரும்வரை வேலை நிற்கக்கூடாது. அதனால் மெஷினின் பெருக்கல் எண்ணைக் கையால் குறைத்தேன். என் இரத்தம் எண்பத்தைந்து காட்டும்வரை குறைத்தேன். மேலிடத்தில் யாரிடமும் கேட்கவில்லை. வத்சலா டாக்டரிடமும் சொல்லவில்லை.

நாற்பது நாள் அப்படியே ஓடியது.

அந்த நாட்களில் வந்தவர்தான் ததேயூஸ். பொழியூரில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர், நாற்பத்தொரு வயது. நங்கூரக் கம்பி இடது கால் சுண்டுவிரலுக்கு அடியில் கிழித்திருந்தது. தையல் போடும் முன்னால் டாக்டர் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கச் சொல்லி அனுப்பினார். நான் எழுதிக் கொடுத்தது நூற்றுப் பத்து. சர்க்கரை இல்லை என்று அவரை அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அவர் மனைவி மேரி அவரைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார். பாதம் வீங்கி, விரல் கறுத்திருந்தது. ததேயூஸோ, "வேதனை ஒண்ணும் இல்ல டாக்டரே" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்டதும் டாக்டர் எழுந்துவிட்டார். அப்படி ஒரு புண்ணில் வேதனை இல்லை என்றால், அந்தக் காலில் நரம்பு பல வருடமாகக் கெட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

ஆய்வகத்துக்கு வராத டாக்டர் அன்று வந்தார். பழைய சீட்டு கையில் இருந்தது.

"தாஸே, இந்த நூத்திப் பத்தை நான் விசுவசிக்கல்ல. ஸ்டாண்டர்டு எப்போ போட்டது?"

"அது கெட்டுப்போச்சு டாக்டரே. புதுசுக்கு எழுதியிருக்கேன்."

"பின்னே எதை வச்சு மெஷினைச் செரியாக்கினே?"

"எனக்க ரத்தத்தை வச்சு."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேறொரு ஆய்வகத்துக்கு ஆள் அனுப்பி, உடைக்காத ஸ்டாண்டர்டு குப்பி ஒன்றை வரவழைத்தார். நான் உடைத்து, மெஷினுக்குக் காட்டினேன். நான் குறைப்பதற்கு முன்னால் இருந்த பழைய பெருக்கல் எண்ணே திரும்ப வந்தது. அன்று எடுத்த ததேயூஸின் இரத்தத்தைப் போட்டேன். என் கணக்குப்படி நூற்று முப்பத்தொன்று. சரியான கணக்குப்படி நூற்று அறுபத்து நாலு. பிறகு காலையில் வெறும் வயிற்றில் எடுத்து வைத்திருந்த என் இரத்தம். நூற்றேழு.

"மெஷினுக்கு ஒண்ணுமில்ல. ஸ்டாண்டர்டுக்கும் ஒண்ணுமில்ல," என்றார். "மாறினது நீயாக்கும்."

மூன்று வாரம் முன்னால் எழுதிய நூற்றுப் பத்தைத் திருப்பிக் கணக்குப் போட்டேன். நூற்று முப்பத்தெட்டு. வெறும் வயிற்றில் நூற்று இருபத்தாறு வந்தாலே சர்க்கரை நோய். அந்த எண்ணை அன்றே எழுதியிருந்தால், அன்றே மருந்தும் கவனிப்பும் கிடைத்திருக்கும்.

ததேயூஸைத் திருவனந்தபுரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். அதோடு நின்றது.

டாக்டர் என்னைக் காப்பாற்றவும் இல்லை, கைவிடவும் இல்லை. அன்றைக்கே மேலதிகாரிக்கு எழுதினார். "நான் எழுதியாச்சு. நீயும் உள்ளதை உள்ளபடி எழுதணும். பின்னே ரெஜிஸ்டரை எடு. நாப்பது நாளில வந்த ஓரோருத்தரையும் திருப்பிப் பாக்கணும்." கதவுவரை போனவர் திரும்பி, "அதுக்கு முந்தி நாளைக்குக் காலையில நீ வெறும் வயித்தோட வா" என்றார்.

மறுநாள் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். முதலில் வெறும் வயிற்று இரத்தம். பிறகு எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கி ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கவேண்டும். எத்தனையோ பேருக்குக் கலக்கிக் கொடுத்திருக்கிறேன். அது எவ்வளவு குமட்டும் என்று அன்றுதான் தெரிந்தது. எழுந்து நடக்கக்கூடாது. அரை மணிக்கு ஒரு குத்து, ஒரு மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று. எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் சீரத்தைப் பிரித்து ஐஸில் வைத்து இன்சுலின் பார்க்கத் திருவனந்தபுரம் அனுப்பினோம். எங்களிடம் அந்த வசதி இல்லை.

இரண்டு மணி நேரச் சர்க்கரை நூற்று எழுபத்திரண்டு. நோய் என்று சொல்ல இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. நாலு நாள் கழித்து இன்சுலின் முடிவு வந்தபோது டாக்டர் என்னை உட்காரவைத்தார். ஒரு சாதாரண ஆளுக்கு வெறும் வயிற்றில் இருக்கவேண்டியதைப் போல மூன்று மடங்கு.

"பத்து வருஷமா நீ எண்பத்தஞ்சு எழுதினே. அது பொய்யில்ல," என்றார். "ஆனா முதல் வருஷத்து எண்பத்தஞ்சுக்கு உனக்க கணையம் ஒரு பங்கு இன்சுலின் விட்டுது. கடைசியில அதே எண்பத்தஞ்சுக்கு மூணு பங்கு. சுகரை மட்டும் பாத்தா ரெண்டும் ஒண்ணு. இப்போ மூணு பங்கும் போதாம வருது. அதாக்கும் நூத்தாறு."

பாடப் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் அது என் உடம்பில் நடந்ததென்று கேட்பது வேறு. வேலை இல்லாத தசைகள் இன்சுலினின் சொல்லைக் கேட்பதைக் குறைத்துக்கொண்டன. உள்ளே போன மாவும் சீனியும் கல்லீரலில் கொழுப்பாகப் படிந்தன. நிறைந்துபோன கல்லீரல் கொழுப்பை இரத்தத்தில் இறக்கியது. என் சீரத்தில் நான் கண்ட கஞ்சித்தண்ணி அதுதான். இன்சுலின் போதும் என்று சொன்னாலும் நிறுத்தாமல் அந்தக் கல்லீரல் சர்க்கரையையும் இரத்தத்தில் விட்டுக்கொண்டிருந்தது. இதையெல்லாம் சமாளிக்கக் கணையம் வருடக்கணக்காகக் கூடுதல் வேலை பார்த்தது. எனக்கு ஒரு தலைவலிகூட இல்லை. நோய் தொடங்கிய நாளில் எந்த எண்ணும் ஏறுவதில்லை. எண் ஏறுகிற நாளில் பாதி வழி முடிந்திருக்கிறது.

வீட்டில் இரண்டு வாரம் நான் சொல்லவில்லை. மனைவி சுகிர்தாதான் கண்டுபிடித்தாள். சாயாவில் சீனி வேண்டாம் என்று சொன்னால் யாருக்கும் தெரிந்துவிடும்.

"எனக்க சமையலைக் குத்தம் சொல்லுதியளா?"

"இல்ல. நான் தின்ன அளவைச் சொல்லுகேன்."

"அந்தப் பொழியூர்க்காரரைப் போய்க் கண்டியளா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராகப் பொழியூருக்குப் போனேன்.

கடல் அரித்துப் போட்ட கரையில் பாறாங்கற்கள் கொட்டியிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் அவர் வீடு. ததேயூஸ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் வைத்திருந்தார்.

"லேப் சாரா? வாருங்க, இரியுங்க. மேரி, சாருக்குக் குடிக்க வெள்ளம் கொண்டா."

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டாண்டர்டைச் சந்தேகப்பட்டது, மெஷின் எண்ணைக் குறைத்தது, நூற்று முப்பத்தெட்டை நூற்றுப் பத்து என்று எழுதியது. தண்ணீர் கொண்டுவந்த மேரி டம்ளரைக் கீழே வைக்காமலே நின்றார்.

"மூணு வாரம் மஞ்சளும் எண்ணெயும் வச்சுக் கெட்டிக்கிட்டுக் கிடந்தோம். சுகரு இல்லன்னு நீங்கதானே எழுதித் தந்திய?"

"ஆமா. நான் எழுதினதாக்கும்."

"உங்களுக்க ஒரு விரலு போயிருந்தா அறிவிய."

"மேரி, சும்மா இரி," என்றார் ததேயூஸ். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்க ரத்தத்தை வச்சு எனக்க ரத்தத்தை அளந்திய. அப்பிடித்தானே?"

"ஆமா."

"அப்போ உங்களுக்கும் உண்டு."

"வந்துகிட்டிருக்கு."

"சுகரு பாக்கதுதானே உங்களுக்க வேலை? எப்பிடி அறியாம போனிய?"

டாக்டர் எனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கடல் பக்கம் கையை நீட்டினார்.

"கரையில நின்னு கரமடி வலை இழுக்கியதுபோலயாக்கும்," என்றார். "நாலு பேரு இழுத்த வலையை இப்போ பன்னெண்டு பேரு நின்னு இழுக்கான். வலை என்னவோ கரைக்கு வருது. தூரத்தில நின்னு பாக்கியவனுக்கு ஒண்ணும் தெரியாது. இழுக்கியவன் கைவிட்ட அன்னைக்குத்தான் தெரியும்."

"அதேதான்."

"எனக்குக் கைவிட்டாச்சு. உங்களுக்கு இன்னும் விடல்ல."

மன்னிப்பு கேட்க நான் வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது வேண்டாம். நான் மூணு மாசத்துக்கு ஒருக்கா அங்க வாறேன். எனக்க கையில குத்துகதுக்கு முந்தி நீங்க உங்களுக்க கையில குத்தணும். நான் நின்னு பாக்கணும். ரெண்டு சீட்டும் எனக்க கையில தரணும். பற்றுமா?"

"முடியும்," என்றேன். மேரி அப்போதுதான் தண்ணீரை என் கையில் கொடுத்தார்.

ரெஜிஸ்டரில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. உள்ளதை எழுதிக் கொடுத்துவிட்டு, தினமும் காலை வேலை தொடங்கும் முன்னால் ஐஸ் பெட்டியோடு ஸ்கூட்டரில் புறப்பட்டேன். காரோடு என்ற ஊரில் ரப்பர் பால் வெட்டுகிற ஒருவர் கை நீட்டாமல் கேட்டார்: "அன்னைக்குத் தப்பா எழுதின ஆளு இன்னைக்குச் செரியா எழுதுவாருன்னு எப்பிடி நம்ப?" அவர் கேட்டது நியாயம். அன்று முதல் ஒவ்வொருவரிடமும் இரண்டு குழாய் எடுத்து, ஒன்றை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் மட்டும் சீட்டு எழுதினேன். கோட்டுகால் என்ற ஊரில் ஒரு வீட்டில் கேட்டைத் திறக்கவே இல்லை. மூன்றாம் முறை போனபோது திறந்தார்கள். ஒன்பது பேரைத் தவிர எல்லாரையும் பார்த்துவிட்டேன். என் எண்ணுக்குப் பின்னால் மறைந்திருந்த சர்க்கரை பத்தொன்பது பேரிடம் இருந்தது. அவர்கள் ஒவ்வொருவரையும் டாக்டர் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தேன். அந்த ஒன்பது பெயரை இன்றும் பார்க்காமல் சொல்லுவேன்.

ஸ்கூட்டரை வெளியூருக்கு மட்டும் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். சாயங்காலம் மம்பட்டியை எடுத்து வீட்டுக்குப் பின்னால் வாழைக்குக் குழி வெட்டினேன். வேலை செய்கிற தசை இன்சுலினுக்குக் காத்திராமல் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன்; அதைச் செய்து பார்க்க எனக்கு நாற்பத்து நாலு வயது ஆகவேண்டியிருந்தது. மரச்சீனி இருந்தால் சோறு இல்லை, சோறு இருந்தால் மரச்சீனி இல்லை என்று சுகிர்தா சட்டம் போட்டாள். முதல் மூன்று மாதத்தில் எண் அசையவே இல்லை. ததேயூஸ் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "நீங்க கள்ளம் தின்னுதிய சாரே" என்றார். உண்மைதான், கேன்டீனில் வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரிக்கிற பழம்பொரியை விடவில்லை. அன்றோடு விட்டேன்.

ஒன்றரை வருடத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை தொண்ணூற்று நாலுக்கு இறங்கியது. அதைவிட எனக்கு முக்கியம் இன்சுலின். மூன்று பங்காக இருந்தது ஒன்றரைப் பங்குக்கு வந்திருந்தது. வத்சலா டாக்டர் அந்தச் சீட்டில் நேரத்தைப் பார்த்தார், பிறகு எண்ணைப் பார்த்தார். "இனி எண்பத்தஞ்சு வந்தாலும் சந்தோஷப்பட வேண்டா. அதுக்குப் பின்னால என்ன செலவாச்சுன்னு கேளு" என்றார். அடுத்த வருடம் அவர் மாறுதலாகிப் போனார்.

ததேயூஸுக்கு மாத்திரை வேண்டியிருந்தது, இப்போதும் உண்டு. ஐந்து மாதம் கழித்து வள்ளத்தில் ஏறியபோது கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு ஏறினார். கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். நாலு வருடம் முன்னால் கடல் அவர் வீட்டைக் கொண்டுபோனது. காரோட்டில் வாடகை வீட்டுக்கு மாறினார்கள். அந்த மாதமும் தவணை தவறாமல் வந்து நின்றார். பன்னிரண்டு வருடத்தில் இன்னொரு விரலுக்கு ஒன்றும் வரவில்லை. என் சர்க்கரை எல்லையைத் தாண்டவில்லை. நாளைக்குத் தாண்டாது என்று நான் சொல்லமாட்டேன்.

போன வருடம் எனக்கு விடைகொடுக்கும் கூட்டம் நடந்தது. மூத்த டாக்டர்களும் நர்சுகளும் என் கைப்பக்குவத்தைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் பேசினார்கள். பின்னால் வாசலோரம் நின்றிருந்த ததேயூஸ் கை தூக்கினார். மைக்கைக் கொடுத்தார்கள்.

"எனக்க ஒரு விரலு போனதுக்கு இந்த சாராக்கும் காரணம்," என்றார். "வீடு தேடி வந்து அதை எனக்கிட்ட சொன்னதும் இந்த சாராக்கும். வேற ஆளு சொல்லி நான் அறியல்ல. அதுக்குப் பின்னே நான் ஒரு தவணையும் விட்டதில்ல, இவரையும் விட்டதில்ல. நீங்க எல்லாரும் இவருக்கு ஓய்வுன்னு சொல்லுதிய. எங்க ரெண்டு பேருக்கும் அது கெடையாது." என் பக்கம் திரும்பினார். "சாரே, திங்கக்கெழம நம்ம தவணை. வெறும் வயித்தோட வரணும்."

கழுத்தில் மாலையோடு எழுந்து நின்று, எல்லாரும் கேட்க, "வாறேன்" என்றேன்.